செல்லைப் பெருக்குவது ஒன்று, மருந்தைப் பெருக்குவது வேறொன்று

1987இல் சரவாக் காட்டில் ஒரு மரத்தின் இலையும் சுள்ளியும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகச் சேகரிக்கப்பட்டன. எச்ஐவி கிருமியைத் தடுக்கும் காலனோலைட் ஏ என்ற பொருள் அதில் இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. மேலும் மாதிரி எடுக்கத் திரும்பிப் போனவர்கள் கண்டது வெட்டப்பட்ட அடிமரத்தைத்தான். அதே வகை மரங்கள் பிறகு நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் கிடைத்தன. அது புன்னையின் உறவு மரம். யாரோ முன்பே நட்டு வைத்ததால் ஆராய்ச்சி நின்றுபோகாமல் தொடர்ந்தது.

ஒரு மருந்து சில மரங்களை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். செடியின் செல்லைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து அதிலிருந்தே மருந்துப் பொருளை எடுக்கும் முயற்சி இந்த ஆபத்துக்கான ஒரு பதில். வயலுக்கு இடமில்லாத நம் தீவுக்கு அது பொருத்தமான தொழில்நுட்பமும்கூட. குடுவையில் செடி வளர்ப்பது இங்கே புதிதில்லை. 1928லேயே தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் ஆர்க்கிட் விதைகளைக் கிருமி நீக்கிய சீசாக்களில் முளைக்க வைத்தார்.

இன்று பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் திசு வளர்ப்பைக் கற்கும் தமிழ் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "காலஸ் (உருவமற்ற செல் திரள்) நன்றாக வளர்கிறது, மருந்துப் பொருள் மட்டும் ஏன் வரவில்லை?"

செடி பெர்பெரின், டாக்சோல், ஷிகோனின் போன்ற மருந்துப் பொருட்களை வளர்ச்சிக்காகத் தயாரிப்பதில்லை. பூச்சி, பூஞ்சை, காயம், கடும் வெளிச்சம் ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே பெரும்பாலும் தயாரிக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஹார்மோனும் தாராளமாகக் கிடைக்கும் குடுவையில் செல்லுக்கு எதிரி இல்லை. ஆகவே அது பிரிந்து பெருகுகிறது, மருந்தை மறந்துவிடுகிறது. கீழே உள்ள குறிப்புகளில் பலவும் இந்த உண்மையிலிருந்து பிறந்தவையே.

செய்ய வேண்டியவை

1. செடியை உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.
செராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் கேட்டால் மஞ்சள் நிறக் கட்டைத் துண்டு கிடைக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது கோசினியம் என்ற காட்டுக் கொடியின் தண்டு. வட இந்தியாவில் அதே மருந்துக்குப் பெர்பெரிஸ் என்ற முட்புதரைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டிலும் பெர்பெரின் உண்டு, ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். காய்ந்த துண்டிலிருந்து செல் வளராது, உயிருள்ள திசு வேண்டும். எடுக்கும் செடியின் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவர வல்லுநரிடம் காட்டி, இனத்தின் பெயரை உறுதி செய்து பாதுகாத்து வையுங்கள். பெயர் தவறினால் பின்னால் வரும் எண்கள் எல்லாமே தவறு.

2. ஒரே இனத்திலும் வளமான தாய்ச்செடியைத் தேடுங்கள்.
ஒரே பாத்தியில் நிற்கும் இரண்டு செடிகளில் மருந்துப் பொருளின் அளவு பல மடங்கு வேறுபடலாம். காலஸ் எடுப்பதற்கு முன் இலை, தண்டு, வேர் மூன்றையும் தனித்தனியாக, பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் அளந்து பாருங்கள். எந்த உறுப்பு அதிகமாகச் சேமிக்கிறது என்பது அடுத்த எல்லா முடிவுகளுக்கும் உதவும்.

3. ஒரு செல் வரிசையோடு நிற்காதீர்கள், சலித்தெடுங்கள்.
சீன மருந்துக் கடைகளில் ஹுவாங்லியன் என்று விற்கும் வேரில் பெர்பெரின் உள்ளது. வேர் அறுவடைக்கு வர ஐந்து ஆண்டுகள் வரை ஆகும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யமாடாவும் சாட்டோவும் 1980களில் அதன் உறவுச் செடியான காப்டிஸ் ஜப்பானிகாவின் செல்களைச் சிறு சிறு கொத்துகளாகப் பிரித்தார்கள். மஞ்சள் அதிகமான கொத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, அதை மறுபடி பிரித்து மறுபடி தேர்ந்தார்கள். அப்படிக் கிடைத்த வரிசைகள் பெர்பெரினை நிலையாகத் தந்தன. நிறமுள்ள பொருள் என்றால் கண்ணே முதல் கருவி. நிறமில்லை என்றால் ஒவ்வொரு கொத்தையும் பாதியாக்கி, ஒரு பாதியை அளக்கவும் மறுபாதியை வளர்க்கவும் வையுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் விலையுயர்ந்த எந்தத் தூண்டியும் (குறிப்பு 5) இதற்கு ஈடாகாது.

4. வளர்ச்சிக்கு ஓர் ஊடகம், உற்பத்திக்கு இன்னோர் ஊடகம் என்று பிரியுங்கள்.
இந்தப் பட்டியலில் மிக முக்கியமான குறிப்பு இதுதான். தாவரச் செல் வளர்ப்பில் எடுத்த மருந்துப் பொருள் முதன்முதலில் வணிக அளவுக்கு வந்தது 1983இல். ஜப்பானின் மிட்சுய் பெட்ரோகெமிக்கல் நிறுவனம் தயாரித்த ஷிகோனின் அது. காயம் ஆற்றும் இந்தச் சிவப்புப் பொருளை வேரில் சேர்க்க, அதைத் தரும் செடி பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். மிட்சுயின் முறையில் செல்கள் முதலில் ஒரு தொட்டியில் வளர்ச்சி ஊடகத்தில் பெருக்கப்பட்டன. பிறகு 750 லிட்டர் தொட்டியில் உற்பத்தி ஊடகத்துக்கு மாற்றப்பட்டன. மூன்று வாரங்களைச் சற்றே கடந்ததும் அறுவடை முடிந்தது. முதல் ஊடகத்தில் இருந்த அம்மோனியம் ஷிகோனினைத் தடுக்கும், ஆகவே இரண்டாவதில் அது இல்லை. செம்பு அயனி உற்பத்தியைக் கூட்டும், ஆகவே அது கூட்டப்பட்டது. நீல வெளிச்சம் கெடுக்கும், ஆகவே தொட்டி இருட்டில் இருந்தது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் எம்எஸ் ஊடகம் ஒன்றையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் இங்கேதான் கை வைக்க வேண்டும். 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் அதை வகுத்தது புகையிலைத் திசு வேகமாக வளர்வதற்காக. மருந்து அவர்களின் இலக்கில் இல்லை. உற்பத்திக் கட்டத்தில் பாஸ்பேட்டைக் குறைத்துப் பாருங்கள், அம்மோனியத்தைக் குறைத்து நைட்ரேட்டைக் கூட்டிப் பாருங்கள், சர்க்கரையை 3 விழுக்காட்டிலிருந்து 5க்கு உயர்த்திப் பாருங்கள். வீவக வீட்டு நடைபாதைத் தொட்டிகளில் பல நிறத்தில் நிற்கும் கோலியஸ் செடியின் செல்கள் சர்க்கரை கூடியபோது ரோஸ்மரினிக் அமிலத்தைப் பெருமளவில் சேர்த்தன. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

5. தூண்டியை அளந்து, நேரம் பார்த்துக் கொடுங்கள்.
செல்லுக்கு 'எதிரி வந்துவிட்டான்' என்ற செய்தியைக் கொடுப்பது தூண்டி. ஈஸ்ட் சாறு, இறால் நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான், சாலிசிலிக் அமிலம் எல்லாம் பயன்படும். அதிகம் சோதிக்கப்பட்டது மீத்தைல் ஜாஸ்மோனேட். 1962இல் பிச்சிப்பூ எண்ணெயில் கண்டறியப்பட்ட வாசனைப் பொருள் இது. காயம்பட்ட செடிக்குள்ளே எச்சரிக்கையாகப் பரவுவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டாக்சஸ் மரத்தின் செல்களுக்கு 100 மைக்ரோமோலார் மீத்தைல் ஜாஸ்மோனேட் கொடுத்து, இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 110 மில்லிகிராம் டாக்சோல் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்தார்கள்.

100 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு. நீரில் எளிதில் கரையாது, எத்தனாலில் கரைத்து, நுண்வடிகட்டியில் கிருமி நீக்கிச் சேருங்கள். அதே அளவு எத்தனாலை மட்டும் சேர்த்த குடுவைகளைத் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் பலன் ஜாஸ்மோனேட்டால் வந்ததா, எத்தனாலால் வந்ததா என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு வளர்ச்சி வளைகோட்டைப் பாருங்கள். செல்கள் வேகமாகப் பெருகி முடிக்கும் தறுவாயே பெரும்பாலும் சரியான நேரம். அதற்கு முதலில் அந்த வளைகோட்டை நீங்களே வரைந்திருக்க வேண்டும்: இரண்டு நாளுக்கு ஒரு முறை உலர் எடை, ஊடகத்தில் மிச்சமுள்ள சர்க்கரை.

6. தயாரான பொருளை வெளியே எடுக்க வழி செய்யுங்கள்.
பொருள் தேங்கினால் செல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் அதுவே நஞ்சாகவும் மாறும். காப்டிஸ் செல் பெர்பெரினைத் தன் நுண்குமிழிக்குள் அடைத்துக்கொள்கிறது. தாலிக்ட்ரம் என்ற வேறொரு செடியின் செல்லோ அதே பெர்பெரினை ஊடகத்தில் விட்டுவிடுகிறது. உங்கள் செல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே விடும் வகை என்றால், பொருளை உறிஞ்சும் பிசின் மணிகளையோ செல்லுக்குக் கேடு செய்யாத எண்ணெய் அடுக்கையோ குடுவையில் சேர்த்துப் பாருங்கள். செல்லையும் ஊடகத்தையும் தனித்தனியாக அளவிடுவதும் கட்டாயம். ஊடகத்தை வடித்துக் கொட்டிவிட்டுச் செல்லில் மட்டும் தேடுபவர்கள் கையிலிருந்த மருந்தைக் கழிவுத்தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள்.

7. நல்ல வரிசையை உறைநிலையில் சேமியுங்கள்.
மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்க்கும்போது செல்லின் மரபுப் பொருளில் மாற்றங்கள் சேரும். வேகமாகப் பெருகும் செல்கள் பரவும், மருந்து தரும் செல்கள் குறையும். பலன் தரும் வரிசை கிடைத்த உடனேயே அதன் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகையில் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் இரண்டு வெவ்வேறு அறைகளில் இரண்டு பிரதியாவது இருக்கட்டும். வார இறுதியில் ஒரு குளிர்சாதனம் நின்றாலே நம் ஊர் வெப்பத்தில் ஒரு தொகுதி முழுவதும் அழிந்துவிடும்.

8. லிட்டருக்கு, நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.
ஓர் உதாரணக் கணக்கு. முதல் வரிசை 14 நாளில் லிட்டருக்கு 10 கிராம் உலர் செல் தருகிறது, அதில் 1 விழுக்காடு மருந்து: லிட்டருக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு 7 மில்லிகிராம். இரண்டாவது வரிசையில் 2 விழுக்காடு மருந்து, ஆனால் 20 நாளில் 4 கிராம் செல்தான்: லிட்டருக்கு 80, நாளுக்கு 4 மில்லிகிராம். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் இரண்டாவது வெற்றி. உண்மையில் முதல் வரிசைதான் வேலைக்கு ஆகும்.

செய்யக்கூடாதவை

1. அந்தத் திசுவால் முடியாததைக் கேட்காதீர்கள்.
நித்தியகல்யாணி இதற்குச் சிறந்த சான்று. வீவக அடிவாரத்திலும் கோயில் ஓரத்திலும் இங்கே தானாகவே பூக்கிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் அதை மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்க 500 கிலோ உலர் இலை வேண்டும், வின்கிரிஸ்டின் ஒரு கிராமுக்கு 2,000 கிலோ. ஆகவே பல ஆய்வுக்கூடங்கள் அதன் செல்களைக் குடுவையில் வளர்த்தன. அஜ்மலிசின் வந்தது, கேத்தரன்தின் வந்தது, வின்பிளாஸ்டின் மட்டும் கைகூடவில்லை. அதன் ஒரு பாதியான வின்டோலின் உருவாக இலையின் மேல்தோல், பால் நாளம், பச்சையம் உள்ள செல் என்று பல வகைச் செல்கள் கைமாற்றி வேலை செய்ய வேண்டும். காலசில் அந்த வேறுபாடே இல்லை. எவ்வளவு ஜாஸ்மோனேட் ஊற்றினாலும் இல்லாத உறுப்பின் வேலையைச் செல் செய்யாது. இந்தக் கதவு பிறகு வேறு பக்கத்தில் திறந்தது: 2022இல் ஈஸ்ட்டுக்குச் செடியின் மரபணுக்களைக் கொடுத்து, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளான வின்டோலினையும் கேத்தரன்தினையும் தயாரித்துக் காட்டினார்கள்.

தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் வல்லாரையும் அப்படித்தான். அதன் ஏஷியாடிகோசைட் இலையில்தான் அதிகம், உருவமற்ற காலசில் மிகக் குறைவு. அதை வளர்க்க விரும்புவோர் முழு நாற்றுகளைக் குடுவையில் வளர்ப்பதே அறிவு.

2. 2,4-டி ஹார்மோனை உற்பத்திக் கட்டம் வரை இழுத்துச் செல்லாதீர்கள்.
காலஸ் உண்டாக்க அது அருமையான ஆக்சின். ஆனால் 'பிரிந்துகொண்டே இரு' என்று செல்லிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுவே. ஷிகோனின் உட்பட பல பொருட்களின் உற்பத்தியை அது அடக்கிவிடும். உற்பத்தி ஊடகத்தில் அதை நீக்குங்கள், அல்லது ஐஏஏ, என்ஏஏ போன்ற மென்மையான ஆக்சினுக்கு மாறுங்கள்.

3. தூண்டியை முதல் நாளிலேயே, அள்ளி ஊற்றாதீர்கள்.
ஜாஸ்மோனேட் செல் வளர்ச்சியை நிறுத்தும் தன்மையுடையது. செல்கள் பெருகுமுன் கொடுத்தால் ஒவ்வொரு செல்லும் கூடுதலாகத் தரும், ஆனால் செல்களே கொஞ்சமாக இருக்கும். அளவு மிஞ்சினால் குடுவை பழுப்பேறிச் செத்துவிடும்.

4. 'பத்து மடங்கு' என்ற சொல்லில் மயங்காதீர்கள்.
கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் பத்தாக உயர்ந்தாலும் அது தொழிலுக்கு ஆகாத அளவே. ஒவ்வொரு சோதனைக்கும் குறைந்தது மூன்று குடுவைகள், தூண்டாத ஒப்பீட்டுக் குடுவைகள், தூய மாதிரியோடு ஒப்பிட்ட ஹெச்பிஎல்சி அளவு ஆகிய மூன்றும் இல்லாத மடங்குக் கணக்கை உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். பிறர் எழுதியிருந்தால் நம்பவும் வேண்டாம்.

5. கிருமி புகுந்த குடுவையை நுண்ணுயிர்க்கொல்லியால் காப்பாற்ற முயலாதீர்கள்.
ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் பூஞ்சை வித்துகள் எப்போதும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி பாக்டீரியாவை ஒளித்துவைக்குமே தவிர முழுதாக அழிக்காது. பூஞ்சையும் பாக்டீரியாவும் தாமே தூண்டியாக வேலை செய்வதால் உங்கள் எண்களும் பொய்யாகும். மூடியைத் திறக்காமல் 121 பாகையில் ஆட்டோகிளேவ் செய்து எறியுங்கள்.

6. பாக்டீரியாவைக் கலக்குவதுபோல் தாவரச் செல்லைக் கலக்காதீர்கள்.
பாக்டீரியா சாதகமான சூழலில் அரை மணிக்குள் இரட்டிக்கும். தாவரச் செல்லுக்குச் சில நாட்கள் வேண்டும். அளவிலோ அது பல பத்து மடங்கு பெரியது, வேகமான துடுப்பு அதைக் கிழித்துவிடும். குடுவையில் வெற்றி பெற்ற முறை பெரிய கலனில் தோற்பதற்கு மருந்து காரணமல்ல, பெரும்பாலும் ஆக்சிஜனும் அடித்துக் கலக்கும் விசையுமே காரணம். காற்றுக் குமிழியால் மெல்லக் கலக்கும் கலன்களைப் பாருங்கள். பைட்டன் நிறுவனம் ஜெர்மனியில் 75,000 லிட்டர் கலன் வரை தாவரச் செல்லை வளர்க்கிறது, ஆகவே முடியாத காரியம் அல்ல. டாக்சோலைச் செல் வளர்ப்புக்கு மாற்றியதற்காக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் 2004இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

7. சட்டத்தைச் சுற்றிச் செல்லாதீர்கள்.
ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் ஒரு கொடித்துண்டு என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூருக்குள் செடி கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகள் உண்டு, அருகிவரும் இனங்களுக்குத் தனிச் சட்டமும் உண்டு. இந்தியச் செடியை வெளிநாட்டவர் ஆய்வுக்கோ வணிகத்துக்கோ பெற 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒப்புதல் வேண்டும். அதைத் தரும் தேசியப் பல்லுயிர் ஆணையம் இருப்பது சென்னையில்தான். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவால் மயிர்வேர் உண்டாக்கினால், அது 1999இல் அமைந்த மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் வழிகாட்டுதலுக்குள் வரலாம், முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

8. குடுவையில் வந்ததை வாயில் வைக்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.
இதற்கான காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையோடு தொடர்புபடுத்தி, 1978இல் சிங்கப்பூர் பெர்பெரினையும் ஹுவாங்லியனையும் தடைசெய்தது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாட்டுப் பரிசோதனை 1965 முதல் நடந்துவருகிறது. சான்றுகளை மறு ஆய்வு செய்த பிறகே 2013 முதல் தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. 'இயற்கை' என்ற பெயர் ஒரு பொருளைப் பாதுகாப்பாக்காது. உங்கள் குடுவையில் ஹார்மோன் எச்சம் இருக்கலாம், எதிர்பாராத வேறு பொருளும் இருக்கலாம். மனிதருக்குத் தருவது சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதிக்குட்பட்ட வேறொரு நீண்ட பாதை.

மாணவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மரமஞ்சள் கொடி வெட்டி வெட்டிக் குறைந்துவிட்டது. கேரளத்தில் அதன் செல்களிலிருந்தே பெர்பெரின் கிடைக்கும் என்று 1990களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். புன்னையின் காலசில் எச்ஐவியைத் தடுக்கும் கூமரின்கள் உருவாவதைப் புணேயின் தேசிய இரசாயன ஆய்வகம் 2007இல் காட்டியது. அந்தப் புன்னை நம் கடற்கரைகளிலும் நிற்கிறது. தொடங்கிவைத்தவர்கள் இருக்கிறார்கள், முடித்துவைப்பவர்கள்தான் வேண்டும்.

ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பொருளை மட்டும் குறி வையுங்கள், வளர்ச்சியையும் உற்பத்தியையும் பிரியுங்கள். தோற்ற குடுவைகளின் எண்ணையும் வெற்றி பெற்றவற்றின் எண்ணையும் ஒரே குறிப்பேட்டில் ஒரே கவனத்தோடு எழுதுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளில் என்ற நேர்மையான ஓர் எண் உங்களிடம் இருந்தால், உங்களுக்குப் பின்னால் வரும் மாணவர் அங்கிருந்து மேலே ஏறலாம்.